ஏற்றத்துக்குத் திறக்கும் பள்ளி

என் வேலை என்னவென்று யாருக்காவது சொல்லிப் புரியவைப்பது எப்போதுமே கஷ்டம். "டீச்சரா?" என்பார்கள். முன்பு டீச்சராக இருந்தேன், இப்போது தலைமையாசிரியர்களைத் தயார் செய்கிறேன் என்றால் சிரிப்பு வந்துவிடும். "அதுல தயார் பண்ண என்ன இருக்கு? வயசானா நாற்காலி தானா வரப்போகுது" என்று என் சொந்தத் தம்பியே கேட்டிருக்கிறான். நாற்காலி வந்துவிடும், உண்மைதான். அதில் உட்கார்ந்தவர் கண்ணில் எந்தப் பிள்ளை படுகிறது, எந்தப் பிள்ளை கடைசி வரை படாமலே போகிறது என்பதுதான் என் வேலை.

மிந்தனாவோ தீவின் தெற்குக் கரையில் எங்கள் பயிற்சி நிலையம் இருக்கிறது. சுற்றியுள்ள மலைகளிலிருந்தும் தீவுகளிலிருந்தும் புதிதாகப் பொறுப்பேற்ற தலைமையாசிரியர்கள் வருவார்கள். வருஷத்தில் சில தடவை வந்து தங்கிப் பேசி, சண்டை போட்டு, சோறு தின்று திரும்புவார்கள். நடுவில் நான் அவர்கள் பள்ளிகளுக்குப் போய்வருவேன். எல்லோருக்கும் நான் கொடுக்கும் முதல் வேலை ஒன்றே. உங்கள் பள்ளிக்குச் சரியாக வராத ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். அது கண் விழிப்பதிலிருந்து பள்ளி முடிந்து வீடு திரும்பும் வரை ஒரு நாள் கூடவே இருங்கள். எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேள்வி கேட்டுத் துளைக்கவும் வேண்டாம்.

"நோரா மேடம், எங்களைத் தலைமையாசிரியர் ஆக்கப் போறீங்களா, துப்பறியிறவங்க ஆக்கப் போறீங்களா?" என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்பார்கள். அந்த வருஷமும் கேட்டார்கள். சிரிப்பு அடங்கும் வரை கதவோரத்தில் ஒருவர் மட்டும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர்தான் பெர்னபே கபாஹூக்.

பெரிய உடம்பு, சின்னக் குரல். பல வருஷம் விவசாயப் பாட ஆசிரியராக இருந்தவர். சிபங்காட் தீவின் பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போட்டிருந்தார்கள். கூட்டத்தில் வாயே திறக்கமாட்டார். குழுவாகப் பேசச் சொன்னால், வெளியே போய் எங்கள் தோட்டத்தில் வாடிக்கிடந்த கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். அந்தக் குழுவில் இவர் தேறமாட்டார் என்று நான் நினைத்திருந்தேன்.

சிபங்காட்டில் ஊர் கரைமேல் இருக்கிறது. ஊருக்கு எதிரே, ஆழமில்லாத கடலில் கம்பங்கள் நட்டு, அவற்றின் மேல் வீடு கட்டி சாமா மக்கள் வாழ்கிறார்கள். ஊர்க்காரர்கள் அவர்களைக் கடல்காரங்க என்றுதான் சொல்வார்கள், சொல்லும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வார்கள். இரு தரப்புப் பிள்ளைகளுக்கும் ஒரே பள்ளிதான், கரையோரத்தில். கடல்காரப் பிள்ளைகள் பாதி நாள் வருவதில்லை. வந்தாலும் கடைசி வரிசை.

"ஏன் வர்றதில்ல?" என்று பெர்னபேயிடம் கேட்டேன்.

"சோம்பேறிங்கன்னு டீச்சருங்க சொல்றாங்க. எனக்குத் தெரியல மேடம்" என்றார்.

அடுத்த பயிற்சிக்கு அவர் தாமதமாக வந்தார். எல்லோரும் தாங்கள் பார்த்ததைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. கால்சட்டையில் இடுப்பு வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது. படகு பிடிக்கிற அவசரத்தில் மாற்றுத்துணி எடுக்க மறந்துவிட்டாராம். கதவோர நாற்காலியில் உட்காரப் போனவரை நான் முன்னால் வரச் சொன்னேன். வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்தப் பொண்ணு பேரு ஜுபைரா. நாலாம் வகுப்பு. தண்ணி ஏறி இருந்தா வீட்டு வாசல்லயே படகுல ஏறி, பள்ளிக்கூடப் படிக்கட்டுல இறங்கிடலாம். தண்ணி வத்திட்டா நடக்கணும். நேத்து வத்தம்."

"நடந்தா என்ன சார், உடம்புக்கு நல்லதுதானே" என்றார் ஒருவர்.

"இடுப்பு வரைக்கும் சேறு. அந்தப் பொண்ணு பையைத் தலையில வச்சு, தங்கச்சியைத் தோள்ல தூக்கிக்கிட்டு நடந்துச்சு. நான் பாதியில மாட்டிக்கிட்டேன். ஒரு காலைத் தூக்கினா இன்னொரு கால் உள்ள போகுது. அதுதான் திரும்பி வந்து என் கையைப் பிடிச்சு இழுத்துச்சு."

எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். சிரிப்பு முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு மறுபடி பேசினார்.

"கரைக்கு வந்தோம். டீச்சர் வாசல்ல நின்னாங்க. என்னைப் பாத்து, 'அடடா, என்ன சார் ஆச்சு, வாங்க வாங்க, உக்காருங்க'ன்னாங்க. அந்தப் பொண்ணைப் பாத்து, 'போ, கழுவிட்டு வா, நாத்தம் தாங்கல'ன்னாங்க. ரெண்டு பேர் மேலயும் ஒரே சேறுதான்."

வெளியே யாரோ தேங்காய் உடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"இருக்கிறது ஒரே அடிபம்பு. எல்லாரும் வரிசையில நின்னு கழுவி முடிக்கிறதுக்குள்ள முதல் பாடம் போயிடுது. ஈரத்துணியோட ரெண்டாம் பாடத்துக்கு வந்து உக்காருதுங்க. சாயங்காலம் மறுபடி அதே சேறு." என்னைப் பார்த்தார். "மேடம், மணி எப்ப அடிக்கிறதுன்னு யார் முடிவு பண்றாங்க?"

இத்தனை மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்பது விதி, எப்போது தொடங்குவது என்பதைத் தலைமையாசிரியரும் பெற்றோரும் உள்ளூர் வசதியைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன்.

"அப்ப சரி" என்றார். போய்க் கதவோரத்தில் உட்கார்ந்துகொண்டார். எது சரி என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு நீங்களும் வாங்க என்று அவர் கூப்பிட்டபோதுதான் விளங்கியது. ஊர்ப் பெற்றோர்கள் கூடைப்பந்து மைதானத்துக் கூரைக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள். சாமா பெற்றோர் உள்ளே வரவில்லை. மைதானத்தின் கடலோரச் சுவருக்கு அந்தப் பக்கம் படகுகளை நிறுத்தி, அதிலேயே உட்கார்ந்து கேட்டார்கள். பெர்னபே எழுந்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இனிமேல் தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்தில் பிள்ளைகள் வந்து போகும்படி பள்ளி நடக்கும். சில நாள் விடிந்தவுடன் தொடங்கும், சில நாள் மதியத்துக்குச் சற்று முன்னால்தான் தொடங்கும். பாட நேரம் குறையாது.

நகராட்சியில் வேலை பார்க்கும் செல்சா முதலில் எழுந்தாள். "தினம் ஒரு நேரத்துக்குப் பள்ளிக்கூடமா? விளையாடுறீங்களா சார்? தண்ணியை ஏத்துறது நிலா. அப்ப நிலாதான் தலைமையாசிரியர், நீங்க பியூனா?"

சிரிப்பு வெடித்தது. பெர்னபேக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பியூன் வேலையை இப்பவும் நான்தாம்மா பாக்குறேன். இங்க பியூன் கிடையாது."

"எனக்குக் காலையில ஆபீஸ். புள்ளைய எங்க விட்டுட்டுப் போறது?"

"கேட் தினமும் விடியக்காலையில திறந்திருக்கும். நான் இருப்பேன். தோட்டம் போடலாம், படிக்கலாம், ஓடி விளையாடலாம். கஞ்சியும் காய்ச்சி வைப்பேன்."

பின்வரிசையிலிருந்து மூன்று சக்கர வண்டி ஓட்டுகிற ஒருவர் கேட்டார்: "நேரா கேக்குறேன் சார், தப்பா எடுத்துக்காதீங்க. கடல்காரப் புள்ளைங்க வர்ற வரைக்கும் எங்க புள்ளைங்க காத்துக்கிட்டு உக்காரணும். அதுதானே?"

இந்தக் கேள்வி வந்தால் எப்படிச் சுற்றி வளைத்து, யாரையும் புண்படுத்தாமல் பதில் சொல்ல வேண்டும் என்று நான் ஒரு நாள் முழுக்கப் பாடம் நடத்துவேன். பெர்னபே அந்தப் பாடத்தின்போது கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"ஆமா" என்றார். அவ்வளவுதான்.

யாராவது எழுந்து வெளியே போவார்கள், பிறகு எல்லோரும் போவார்கள் என்று எதிர்பார்த்தேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தியோ என்ற மீன்காரர் தொண்டையைச் செருமினார். "நான் கடலுக்குக் கிளம்பறது கடிகாரத்தைப் பாத்தா? தண்ணியைப் பாத்துத்தானே. என் பொண்டாட்டி ஒரு நாளாவது ஏன்னு கேட்டிருக்காளா?"

"நீ ஏன் திரும்பி வந்தேன்னும்தான் கேட்டதில்ல" என்றாள் மனைவி.

அந்தச் சிரிப்பில் இறுக்கம் விட்டது. மழைக்காலம் முடியும் வரை நடத்திப் பார்ப்போம் என்று முடிவானது. ஆனால் பெர்பெத்துவா டீச்சர் சிரிக்கவில்லை. நாலாம் வகுப்பை எடுப்பவர் அவர்தான். அங்கே உட்கார்ந்திருந்த பெற்றோரில் பலருக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர், ஊரே பயப்படுகிற மனுஷி. ஜுபைராவைப் பம்புக்குப் போய்க் கழுவிவிட்டு வரச் சொன்னதும் அவர்தான்.

"சார், பிள்ளைங்க கடிகாரத்துக்குப் பழகணும். உலகம் அவங்களுக்காக நிக்காது" என்று எழுந்து சொன்னார். "நான் மேலிடத்துல சொல்லத்தான் போறேன். உங்க முதுகுக்குப் பின்னால சொன்னேன்னு இருக்கக் கூடாது."

"சொல்லுங்க மேடம். உங்களுக்குச் சரின்னு பட்டதைச் செய்யுங்க" என்றார் பெர்னபே.

சொன்னபடியே அவர் புகார் செய்தார். சில மாதங்கள் கழித்து மேற்பார்வை அதிகாரி அமாதோ குவிசோன் சிபங்காட்டுக்குக் கிளம்பினார். பெர்னபேயைப் பயிற்றுவித்தவள் என்பதால் என்னையும் கூட வரச் சொன்னார். படகில் போகும்போது அவர் என்னோடு அதிகம் பேசவில்லை. ஒரே ஒருமுறை, "இதுக்குத்தான் ட்ரெயினிங் குடுக்குறீங்களா?" என்று கேட்டார். அந்த மனிதரை இடம் மாற்றிவிடுவார்கள் என்ற கவலைதான் மனசு முழுக்க இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. வகுப்பறைகள் காலியாக இருந்தன. ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்குப் பின்னால் சோள வரிசைகளுக்கு நடுவில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். சிலர் மரத்தடியில் படுத்துக்கொண்டு புத்தகம் படித்தார்கள். பெர்னபே பெரிய சட்டியில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தார். எதிரே, வீடுகள் நிற்கும் கம்பங்கள் வரை வெறும் சேறு பளபளத்தது.

"பாடம் எங்க சார் நடக்குது?" என்றார் குவிசோன்.

"இன்னும் கொஞ்ச நேரம் சார். தண்ணி வந்துக்கிட்டிருக்கு. கஞ்சி சாப்பிடுங்க."

"நான் கஞ்சி சாப்பிட வரல."

அவர் படிக்கட்டில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் சேற்றைப் பார்ப்பதுமாக இருந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். பிறந்ததிலிருந்து கடலோரத்தில் வாழ்கிறவள் நான். கடல் ஏறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அது யாருக்காகவோ ஏறுகிறது என்று அதுவரை தோன்றியதில்லை. அன்றைக்குத் தோன்றியது. முதலில் தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடு. பிறகு சேற்றில் இருந்த சின்னச் சின்னப் பள்ளங்கள் ஒவ்வொன்றாக நிரம்பி ஒன்றோடொன்று சேர்ந்தன. சத்தமே இல்லை. தரை தட்டிக் கிடந்த படகுகள், தூக்கம் கலைந்த மாடுகள் போல ஒவ்வொன்றாக அசைந்து எழுந்தன. படிக்கட்டின் கடைசிப் படி நனைந்தது. அதற்கு மேல் படியும் நனைந்தது.

தோட்டத்தில் இருந்த பிள்ளைகள் யாரும் சொல்லாமலே கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்து படிக்கட்டில் நின்றார்கள். எதிர்ப்பக்கம் வீடுகளுக்கடியில் ஒரு படகு கிளம்பியது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. கம்பங்களுக்கு இடையிலிருந்தெல்லாம் படகுகள் வந்தன. பெரிய பிள்ளைகள் துடுப்பு போட, சின்னதுகள் நடுவில் உட்கார்ந்து பையை மடியில் வைத்திருந்தன. கடல் முழுக்க வெள்ளைச் சட்டைகள். அந்தப் பிள்ளைகளின் சட்டை வெள்ளை நிறம் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"கயிறை வீசு, இங்க வீசு" என்று ஊர்ப் பிள்ளைகள் கத்தினார்கள். வீசிய கயிற்றைப் பிடித்து இழுத்துக் கட்டினார்கள். மூன்று சக்கர வண்டிக்காரரின் மகள் தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி, ஒரு சின்னப் பெண்ணை அலக்காகத் தூக்கிப் படியில் வைத்தாள். "நேத்தைவிட கனமாயிட்ட, என்னடி தின்ன?" என்று திட்டினாள். கரையேறியவர்களில் ஒருவர் காலிலும் சேறு இல்லை. அவர்கள் பம்பைத் தாண்டி நேராக வகுப்பறைக்குள் போனார்கள்.

எனக்கு ஏனோ செருப்பைக் கழற்ற வேண்டும் போலிருந்தது. கழற்றிவிட்டுத்தான் நின்றேன்.

குவிசோன் கடிகாரத்தை மறந்திருந்தார். பிறகு, வராந்தாவில் நின்ற பெர்பெத்துவா டீச்சரிடம் போனார். "புகார் சொன்னது நீங்கதானே? வாங்க, உக்காந்து பேசலாம்."

"நான்தான் சொன்னேன்" என்றார் டீச்சர். "இப்ப முடியாது சார். என் புள்ளைங்க வந்துட்டாங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். குவிசோன் என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் பின்னால் போய் நாலாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். இப்போது எங்களைத் தவிர அந்தக் கடைசி பெஞ்சில் யாரும் இல்லை. ஊரும் கடலும் கலந்து முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன.

முதல் பாடம் வாசிப்பு. டீச்சர் ஒரு கதையை வாசித்துவிட்டு, பிள்ளைகளை வரிசையாக வாசிக்கச் சொன்னார். ஜுபைராவின் முறை வந்தது. ஒல்லியான பெண். விரலை வரியின் மேல் வைத்து, தடுக்கித் தடுக்கித்தான் தொடங்கினாள். ஒரு நீளமான சொல்லில் நின்றாள். வகுப்பு காத்திருந்தது. டீச்சரும் எடுத்துக்கொடுக்கவில்லை. அவளே அதை உடைத்து, சேர்த்து, சொல்லிவிட்டாள். அதன் பிறகு அவள் நிற்கவே இல்லை. பக்கம் முடிந்ததும் கேட்காமலே திருப்பி அடுத்த பக்கத்தையும் வாசித்தாள். அடுத்து வாசிக்க வேண்டிய பையன், "டீச்சர், இது என் பக்கம்" என்று முனகினான். "பொறுடா" என்றார் டீச்சர்.

இடைவேளையில் பெர்பெத்துவா டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்தபடி பேசினார்.

"இந்தப் புள்ளைங்களுக்குப் படிப்பு ஏறாதுன்னு நான் சத்தியமா நம்பினேன் மேடம். வருஷா வருஷம் பாக்குறேன், கணக்கு கொஞ்சம் வரும், படம் நல்லா வரைவாங்க, வாசிக்க மட்டும் வராது. கடல்காரங்க மூளை அப்படின்னு நெனச்சேன். வாசிப்பு எப்பவும் முதல் பாடம். அந்த நேரத்துல அவங்க பம்புகிட்ட நின்னுக்கிட்டிருந்தாங்க. அனுப்பினது நான்தான். மூளையில ஒண்ணும் இல்ல. அந்தப் பாடத்துல அவங்க இருந்ததே இல்ல."

இத்தனை வருஷம் சமவாய்ப்பு, சமவாய்ப்பு என்று எத்தனை அறைகளில் பேசியிருக்கிறேன். அது ஒரு அடிபம்புக்கும் ஒரு வகுப்பறைக்கும் இடையில் நின்றுகொண்டிருந்தது என்று எனக்கு யாரும் காட்டியதில்லை. அந்தப் பெரிய உடம்புக்காரர் சேற்றில் மாட்டிக்கொண்டு அதைக் கண்டுபிடித்திருக்கிறார். அவருக்குப் பாடம் எடுத்தவள் என்று என்னைச் சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

திரும்பும் முன் குவிசோன் படிக்கட்டில் உட்கார்ந்தார். பிள்ளைகளை அழைத்துப்போக வந்திருந்த ஜுபைராவின் அம்மா சராபியா, இலையில் மரவள்ளிப் புட்டும் பொரித்த மீனும் நீட்டினாள். அவர் மறுக்கவில்லை. தின்று முடித்துவிட்டு பெர்னபேயிடம், "நான் பாத்ததை அப்படியே போய்ச் சொல்றேன். அதுக்கு மேல என்கிட்ட எதிர்பாக்காதீங்க" என்றார்.

"அது போதும் சார்" என்றார் பெர்னபே.

மேலிடத்திலிருந்து பாராட்டும் வரவில்லை, தடையும் வரவில்லை. மழைக்காலம் முடிந்தது, பழைய நேரத்துக்குத் திரும்பலாமா என்று யாரும் கேட்கவில்லை. செல்சாவின் மகன் வீட்டில் சாப்பிடாத கீரையைப் பள்ளியில் பயிர் செய்து சாப்பிடுகிறான் என்று அவளே ஊரெல்லாம் சொன்னாள். பிற தீவுகளிலிருந்து தலைமையாசிரியர்கள் சிபங்காட்டுக்கு வந்து பார்த்துப்போனார்கள். பேசச் சொன்னால் பெர்னபே அவர்களையும் களை பிடுங்க அழைத்துக்கொண்டு போய்விடுவார்.

சில வருஷங்களில் அவரை மலைப்பக்கத்தில் ஒரு பெரிய பள்ளிக்கு மாற்றினார்கள். சிபங்காட்டுக்கு யார் என்ற பேச்சு வந்தபோது, பெர்பெத்துவா டீச்சர் என் பயிற்சியில் சேர்ந்து முடித்திருந்தார். ஓய்வுக்கு அதிக காலம் இல்லாதவருக்கு எதற்குப் பொறுப்பு என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவரையே போட்டார்கள்.

அவர் பொறுப்பேற்றபின் நான் போனது தண்ணீர் ஏறியிருந்த ஒரு மதியம். ஒன்றாம் வகுப்பில் சராபியா உட்கார்ந்திருந்தாள். கூட்டம் நடந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் படகில் இருந்து கேட்டவள், இப்போது நடுவில் பாய் விரித்து உட்கார்ந்து, சாமா மொழியில் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே இளம் டீச்சர் அந்தச் சொற்களைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இது யாரோட யோசனை?" என்று கேட்டேன்.

"என்னோடதுதான்" என்றார் பெர்பெத்துவா. "சின்னதுங்க முதல் நாள் வந்து வாயைத் திறக்காம உக்காருதுங்க. நாம பேசறது புரியல. நானும் முன்னாடி, வகுப்புல உங்க பாஷை பேசாதேன்னு அடிச்சிருக்கேன். இவளைக் கூப்பிட்டேன். வரமாட்டேன், எனக்கு எழுதத் தெரியாதுன்னா. எழுத எனக்குத் தெரியும், நீ பேசுன்னேன்."

"பெர்னபே சார்கிட்ட சொன்னீங்களா?"

"ஃபோன்ல சொன்னேன். 'எனக்கு இது தோணவே இல்லையே'ன்னாரு."

மணி அடித்தது. பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடின. ஊர்ப் பிள்ளைகளும் கடல் பிள்ளைகளும் இரண்டு அணியாகப் பிரிந்து, பிறகு கலைந்து, மறுபடி வேறு மாதிரிப் பிரிந்து எதையோ துரத்தி விளையாடினார்கள். கத்தலும் சண்டையும் கேலியுமாக மைதானம் அதிர்ந்தது. அந்தக் கத்தலில் பாதி சாமா மொழியில் இருந்தது. ஊர்ப் பிள்ளைகளும் அதில்தான் கத்தினார்கள். செல்சாவின் மகன் ஏதோ சொல்ல, ஜுபைராவின் தங்கை இடுப்பில் கை வைத்துத் திருப்பி ஏதோ சொல்ல, சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பெர்பெத்துவாவைப் பார்த்தேன். அவருக்கும் புரியவில்லை என்று தெரிந்தது. இரண்டு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றோம்.